'மெமரி' கப்சூல் அரைப் போத்தல் எடுத்த பிறகு, யாழ்ப்பாணத்தில இருந்து ஒரு ரிவியூ

முதலே ஸ்டாரைச் சொல்லிப் போடுறன், அஞ்சுக்கு ரெண்டு. அந்த ரெண்டும் உள்ளுக்க கிடக்கிற வல்லாரைக்கும், வயித்துக்க ஒரு குழப்பமும் தராம இருந்ததுக்கும். மிச்ச மூண்டும் ஏன் போச்செண்டு கீழ எழுதுறன், கொஞ்சம் நீளும், பிரெய்ன் ஃபொக், அதுதான் தலை மந்தம், எண்டு தேடிப்போட்டு இந்தச் சாமானை வாங்குவமோ விடுவமோ எண்டு யோசிக்கிற ஆக்கள் முழுக்க வாசிச்சாக் காணும்.

பிராண்ட் பேர் போடேல்ல. இதே கணக்கில போத்தல் இப்ப டவுனில எந்த மருந்துக்கடைக்குப் போனாலும் நாலு அஞ்சு விதம் கண்ணாடி அலுமாரிக்குள்ள நிக்குது, எல்லாத்தின்ர முன்பக்கத்திலயும் ஒரு மூளைப் படம், அதைச் சுத்தி வெளிச்சம் அடிக்குது, கீழ ஃபோகஸ், மெமரி, எனர்ஜி எண்டு மூண்டு சொல்லு. நான் வாங்கினது 60 கப்சூல், ஐயாயிரத்துக்குக் கிட்ட முடிஞ்சுது. ஒரு நாளைக்கு ரெண்டு போடச் சொல்லி இருக்கு, அப்ப ஒரு போத்தல் ஒரு மாசம்.

ஏன் வாங்கினனான் எண்டா, எனக்கு வயசு நாப்பத்தாறு, கவுண்டரில காசு எண்ணுற வேலை, கொஞ்சக் காலமா ஒரு கட்டை ரெண்டு தரம் எண்ணினா ரெண்டு கணக்கு வருது. ஆக்கள் கதைக்கிறது காதில விழுது, விளங்குறதுக்குக் கொஞ்சம் நேரம் எடுக்குது. திருநெல்வேலிச் சந்தையில கறிமிளகாயைக் கையில வச்சுக்கொண்டு நிக்கிறன், அதின்ர பேர் வாயில வருதில்ல, "இதில அரைக்கிலோ தாங்கோ" எண்டன், மரக்கறிக்கார அம்மா "என்ன பிள்ளை, பேர் சொல்லிக் கேட்டா விலை கூட்டிப் போடுவனெண்டு பயமோ" எண்டு சிரிச்சா. அவ பகிடிக்குத்தான் சொன்னவ, எனக்கு வீட்ட வரு மட்டும் அந்தரமாக் கிடந்தது, ஏனெண்டா எங்கட அப்பம்மாவுக்குக் கடைசிக் காலத்தில மறதி வந்து ஒருத்தரையும் தெரியாமப் போனது.

கடையில நிண்ட பெடியன் நல்ல பெடியன்தான், மரியாதையாக் கதைச்சவன். "அக்கா மறதிக்கோ, இதுதான் இப்ப நல்லா ஓடுது, ஏ.எல். சோதினை எடுக்கிற பிள்ளையளுக்கும் வாங்கினம்" எண்டு எடுத்துத் தந்தவன். ஆனா வேற என்ன மருந்து எடுக்கிறியள், பிரஷர் இருக்கோ, ரத்தம் கரைக்கிற குளிசை ஏதும் போடுறியளோ, ஒண்டும் கேக்கேல்ல. கேக்க வேணும். ஏனெண்டு லேபிளைப் பாத்தா விளங்கும்.

லேபிள் கதைக்கு வாறன். பின்பக்க எழுத்து எறும்பு அளவு, கண்ணாடி போட்டும் காணாது, போனில படம் எடுத்துப் பெருப்பிச்சுத்தான் வாசிச்சன். இறக்குமதிக்காரர் ஒட்டின ஸ்டிக்கர் சரியா காலாவதித் திகதியில அரைவாசியை மறைச்சுக்கொண்டு கிடக்கு, நகத்தால கிளப்பித்தான் பாக்க வேண்டிக் கிடந்தது. உள்ளுக்க ஒம்பது மூலிகை: கிங்கோ, வல்லாரை, நீர்ப்பிரமி, அமுக்கரா, மஞ்சள் எண்டு போகுது. எது எவ்வளவு எண்டு தனித்தனியா இல்ல, எல்லாம் சேத்து 800 மி.கி எண்டு ஒரே ஒரு கணக்கு. சமமாப் பிரிச்சாலே ஒண்டுக்கு 90 மி.கி கூட வராது. நீர்ப்பிரமியை வச்சு ஆராய்ச்சி செய்தவை பெரும்பாலும் ஒரு நாளைக்கு 300 மி.கி சாறு, அதுவும் மூண்டு மாசம் வரைக்கும் குடுத்துப் பாத்திருக்கினம். அதை ஆதாரமாக் காட்டி விக்கிறதெண்டா அந்த அளவாவது உள்ளுக்க இருக்க வேண்டாமோ?

கிங்கோவைப் பற்றி ஒண்டு. அமெரிக்காவில மூவாயிரத்துக்கு மேல வயசான ஆக்களுக்கு, ஒரு வேளைக்கு 120 மி.கி படி நாளுக்கு ரெண்டு வேளை, வருசக் கணக்காக் குடுத்துப் பாத்து 2008 இல முடிவு வெளியிட்டவை, மறதி நோய் வாறதை அது தடுக்கேல்ல. அடுத்த வருசம் அதே ஆக்களின்ர ஞாபகசக்தி, கவனம் எல்லாத்தையும் பாத்து எழுதினதிலயும் மருந்தில்லாத வெறும் குளிசை எடுத்தவைக்கும் கிங்கோ எடுத்தவைக்கும் வித்தியாசம் இல்ல. அதோட அஸ்பிரின், வார்ஃபரின் எடுக்கிற ஆக்களுக்குக் கிங்கோ சேர ரத்தம் கசியிற ஆபத்துக் கூடலாம். எங்கட அம்மா இதயத்துக்கு அஸ்பிரின் போடுறவ, "எனக்கும் ஒண்டு தா பிள்ளை, நானும் எல்லாத்தையும் மறக்கிறன்" எண்டு கை நீட்டினவ. நல்லகாலம் அவவுக்குக் குடுக்க முதலே லேபிளை வாசிச்சது.

வல்லாரையைக் குறை சொல்ல மனம் வராது, சின்ன வயசில இருந்து சோதினை நேரம் எண்டா அம்மா வல்லாரைச் சம்பல்தான். ஆனா ஆராய்ச்சியளைக் கூட்டி அள்ளிப் பாத்து 2017 இல எழுதினதில, ஞாபகசக்தி கூடுது எண்டதுக்குத் திடமான ஆதாரம் இல்ல, மனம் கொஞ்சம் உசாரா இருக்கலாம் எண்ட அளவுதான். சாப்பாடாச் சாப்பிடுறது பிரச்சினை இல்ல, கப்சூலில இறுக்கி எடுத்த ஆக்களில அபூர்வமா ஈரல் பாதிப்பு வந்ததாப் பதிவு இருக்கு, அமுக்கராவிலயும் அப்பிடி. சந்தையில ஒரு பிடி வல்லாரை என்ன விலை எண்டு உங்களுக்கே தெரியும். மெல்லிசா அரிஞ்சு, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய் போட்டு, கடைசியாத் தேசிக்காய்ப் புளி விட்டுப் பிசைஞ்சா கப்சூலை விட நூறு மடங்கு ருசி. இல்ல, மருந்தாத்தான் எடுக்க வேணும் எண்டா கைதடி சித்த போதனா வைத்தியசாலை இருக்கு, அங்க ஆளைப் பாத்து, நோயைக் கேட்டுத்தான் தருவினம்.

சரி, வேலை செய்ததோ? முதல் கிழமை ஒரு உசார் இருந்தது உண்மை. ஆனா அது பள்ளிக்கூட விடுமுறைக் கிழமை, காலமை நாலரைக்கு எழும்பிப் பிள்ளையளுக்குப் புட்டு அவிக்கிற வேலை இல்ல, ஆறு மட்டும் நித்திரை. பள்ளிக்கூடம் திறக்க உசாரும் போட்டுது. கப்சூலைத் தவற விடாமத்தான் போட்டனான். அப்ப எது வேலை செய்ததெண்டு நீங்களே யோசியுங்கோ. சலம் நல்ல மஞ்சளாப் போகும், சூடு பிடிச்சிட்டுது எண்டு பயப்பிடத் தேவையில்ல, அது மூலிகையோட சேத்திருக்கிற விற்றமின் பி2 வெளிய போறது. வாசம் காஞ்ச வைக்கோல் வாசம், ஏப்பம் விட்டாத் தெரியும்.

இப்ப பெரிய குறைக்கு வாறன். போத்தலில சின்னன் எழுத்தில பயோட்டின் 5000 மைக்ரோகிராம் எண்டு கிடக்கு. தலைமயிர், நகத்துக்கு நல்லதெண்டு சும்மா சேத்து விட்டிருக்கினம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் அளவு காணும், இது அதின்ர நூற்று அறுபது மடங்குக்கு மேல. பயோட்டினால உடம்புக்குப் பெரிய கேடு இல்லயாம், ஆனா ரத்தப் பரிசோதனையைக் குழப்பும். தைரொயிட்டுக்குப் பாக்கிற டி.எஸ்.எச் இருக்கெல்லோ, சில மெஷினுகளில பயோட்டின் கூடின ரத்தத்தில அது உண்மையை விடக் குறைச்சுக் காட்டும். தைரொயிட் குறைஞ்ச ஆளுக்கு டி.எஸ்.எச் கூடித்தான் இருக்கும், அதைக் குறைச்சுக் காட்டினா "உங்களுக்கு ஒண்டும் இல்ல, வீட்ட போங்கோ" எண்டு ரிப்போர்ட் வரும். மாரடைப்புக்குப் பாக்கிற ட்ரொபோனினையும் இது குழப்பலாம் எண்டு அமெரிக்காவின்ர மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எஃப்.டி.ஏ 2017 இலயே எச்சரிச்சது. யோசிச்சுப் பாருங்கோ, தலை மந்தமா இருக்கெண்டு வாங்குற சாமான், அந்த மந்தத்துக்குக் காரணம் பிடிக்கிற பரிசோதனையையே குழப்புது! இதுக்கு மட்டுமே ரெண்டு ஸ்டார் வெட்டினனான்.

இதை எனக்குச் சொன்னது கடை இல்ல, எங்கட குடும்ப டொக்டர் அம்மா. போன் எடுத்த உடனயே "எடுக்கிற எல்லாத்தையும், அந்தப் போத்தலையும் சேத்துக் கொண்டு வாங்கோ" எண்டவ. அவவின்ர சேவைக்குத் தனியா அஞ்சு ஸ்டார், காத்திருக்கிற நேரம் கூட எண்டாலும் பரவாயில்ல. மருந்து எழுத முதல் கேள்விதான். எத்தினை மணிக்குப் படுக்கிறனீங்கள், எழும்பேக்க தலை பாரமா இருக்கோ, வீட்டில ஆராவது நீங்கள் குறட்டை விடுறதாச் சொல்லினமோ, மாதவிடாய் எப்பிடி, எத்தினை தேத்தண்ணி, அதை எப்ப குடிக்கிறனீங்கள், தடிமன் குளிசை எடுக்கிறனீங்களோ, மனம் எப்பிடி, அழுகை வருதோ, கொரோனா வந்து போனதோ. கடைசிக் கேள்விக்குப் பிறகு அவ சொன்ன ஒண்டு எனக்குப் பிடிச்சது: "பிரெய்ன் ஃபொக் எண்டது வருத்தத்தின்ர பேர் இல்ல. காய்ச்சல் எண்டா ஏன் காய்ச்சல் எண்டு பாப்பமெல்லோ, அப்பிடித்தான் இதுவும்."

கப்சூலை நிப்பாட்டிச் சில நாள் விட்டு ரத்தம் குடுத்தன். ஃபுல் பிளட் கவுண்ட், உடம்பில சேமிச்சிருக்கிற இரும்பைக் காட்டுற ஃபெரிட்டின், டி.எஸ்.எச், பி12, சாப்பாட்டுக்கு முதல் சீனி. தைரொயிட் வடிவா இருந்தது, சீனியும் பி12 உம் பரவாயில்ல. ஹீமோகுளோபின் 11.6, ஃபெரிட்டின் 9. பெரிய பொம்பிளையளுக்கு ஹீமோகுளோபின் 12 க்குக் கீழ எண்டா ரத்தச்சோகை எண்டும், ஃபெரிட்டின் 15 க்குக் கீழ எண்டா இரும்புச் சேமிப்பு முடிஞ்சு போச்செண்டும் உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஹீமோகுளோபின் சரியா இருந்தும் ஃபெரிட்டின் மட்டும் குறைஞ்ச ஆக்களுக்கும் களைப்பும் கவனக் குறைவும் வரலாம், அதால வெறும் ஹீமோகுளோபினைப் பாத்திட்டுச் சும்மா இருக்கப்படாது.

காரணம் ரெண்டு பிடிபட்டது. ஒண்டு, மாதவிடாய் கொஞ்சக் காலமா மெத்தப் போகுது, நான் அதை வயசுக் கோளாறு எண்டு கணக்கில எடுக்கேல்ல. மற்றது தேத்தண்ணி. எங்கட வீட்டில மத்தியானச் சோறு முடிஞ்ச கையோட பிளேன்ரீ வராட்டிச் சாப்பாடு முடிஞ்சதாவே கணக்கில்ல, தேயிலையில இருக்கிற பொருள் கீரை, பருப்பில இருக்கிற இரும்பைக் குடல் உறிஞ்ச விடாது. முருங்கையிலை வறையும் பருப்பும் வடிவாச் சாப்பிட்டிட்டு மேல சாயத்தை ஊத்தினா என்ன பிரயோசனம். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கோ எண்டு டொக்டர் அம்மா சொன்னவ, அவ்வளவுதான். சாப்பாட்டோட தேசிக்காயோ நெல்லியோ கொய்யாவோ சேத்தா உறிஞ்சுறது கூடும்.

இரும்புக் குளிசை எழுதித் தந்தவ, ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதல் எனக்கு நம்பிக்கை வரேல்ல, தினமும் போட்டாக் கெதியா ஏறாதோ எண்டு கேட்டன், ஒரு குளிசை போட உடம்பு ஒரு நாளைக்கு உறிஞ்சுற கதவைச் சாத்துமாம், அதால இடைவெளி விட்டா உள்ள போற வீதமும் கூட, வயித்து எரிவும் குறைவு. மலம் கறுக்கும், பயப்பிடாதேங்கோ. விலை? அந்தக் கப்சூலின்ர விலையில பத்தில ஒண்டு கூட வராது. ஒரு மாசத்துக்கு ஒரு வித்தியாசமும் இல்ல, பொய் சொல்லக் கூடாது. அதுக்குப் பிறகு மெல்ல மெல்ல, காசுக்கட்டு ஒரு தரத்திலயே சரி வரத் தொடங்கினது. ஆனா இதை வாசிச்சிட்டு ஓடிப்போய் இரும்புக் குளிசை வாங்கிப் போடாதேங்கோ. எங்கட நாட்டில தலசீமியா எண்ட பரம்பரை ரத்த வருத்தத்தின்ர மரபணுவைக் காவுற ஆக்கள் இருக்கினம், இரும்பு குறைஞ்ச ஆக்களைப் போல அவைக்கும் சிவப்பணு சின்னனாத்தான் தெரியும், இரும்பு தேவையில்லாமலும் இருக்கலாம். ஆம்பிளையளுக்கும் மாதவிடாய் நிண்ட பொம்பிளையளுக்கும் இரும்பு குறைஞ்சிருந்தா குடலில எங்கயாவது ரத்தம் கசியுதோ எண்டு பாக்கத்தான் வேணும், குளிசையோட விடுற விசயம் இல்ல அது.

மற்ற ஆக்களுக்குக் காரணம் வேறயா இருக்கும். சைவக்காரர் எண்டா பி12, அது மீன், இறைச்சி, முட்டை, பால் பக்கம்தான் இருக்கு, பால் தேத்தண்ணியில விடுற ரெண்டு கரண்டி காணாது. சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோமின் கன காலம் எடுக்கிறவைக்கும், வயித்தெரிவுக்கு ஒமிப்ரசோலை வருசக் கணக்கா விழுங்கிறவைக்கும் பி12 குறையலாம். தடிமனுக்கும் தோல் கடிக்கும் எடுக்கிற குளோர்பெனிரமின் இருக்கெல்லோ, அந்தச் சின்ன மஞ்சள் குளிசை, இரவு ஒண்டு போட்டா அடுத்த நாளும் மந்தம் நிக்கும், வயசான ஆக்களுக்கு இன்னும் மோசம், ஆனா எங்கட வீடுகளில அதை மருந்தெண்டே எண்ணுறேல்ல. மாதவிடாய் நிக்கிற காலத்தில வாற மறதி கன பொம்பிளையளுக்கு வாறது, பெரும்பாலும் பேந்து சரி வரும், அப்பம்மாவை நினைச்சுப் பயந்த மாதிரி மறதி நோயின்ர தொடக்கம் எண்டு அர்த்தம் இல்ல. கொரோனாவுக்குப் பிறகு மாசக் கணக்கா இழுக்கிற மந்தமும் கற்பனை இல்ல, உலக சுகாதார நிறுவனம் 2021 இல அதுக்கு வரைவிலக்கணம் எழுதேக்க மூச்சு வாங்கிறது, களைப்போட இந்த யோசிக்க ஏலாத்தன்மையையும் சேத்திருக்கு. மனச்சோர்வும் அப்பிடித்தான், எங்கட ஊரில அதை வாய்விட்டுச் சொல்ல ஆக்கள் இல்ல, தலை மந்தமா இருக்கெண்டு மட்டும்தான் சொல்லுவினம்.

நித்திரை பற்றித் தனியாச் சொல்லத்தான் வேணும். பெரிய ஆக்களுக்கு ஏழு மணித்தியாலத்துக்குக் குறையப்படாது. யாழ்ப்பாணத்தில எந்த வீட்டில ஏழு? கனடாவில இருக்கிற தங்கச்சி மத்தியானச் சாப்பாட்டு இடைவெளியில எடுப்பா, அது இஞ்ச இரவு பத்துக்கு மேல, "அக்கா படுத்திட்டியளோ" எண்டு தொடங்கினா ஒரு மணித்தியாலம், பேந்து லண்டன்காரர். காலமை நாலரைக்கு அலாரம். பின்னேரம் அஞ்சுக்குக் குடிக்கிற தேத்தண்ணியில இருக்கிற கஃபீனில அரைவாசி இரவு பத்துக்கும் ரத்தத்தில நிக்கும். நான் இப்ப தங்கச்சியிட்டச் சொல்லிப்போட்டன், ஞாயிறு மட்டும்தான் நீளக் கதை எண்டு, ரெண்டு கிழமை கோவிச்சுக்கொண்டு இருந்தவ, இப்ப சரி. எங்கட இவர் குறட்டை, இடைக்கிடை மூச்சு நிண்டு திடுக்கிட்டு எழும்புறவர், பகலில பேப்பர் வாசிக்கேக்க நித்திரை தூங்கிறவர், அவரையும் டொக்டர் அம்மா வரச் சொல்லியிருக்கிறா, அது நித்திரையில மூச்சுத் தடைப்படுற வருத்தமா இருக்கலாம் எண்டு. போறாரில்ல, அது வேற கதை. சோளகக் காத்து வெக்கையில தண்ணி குடியாம நிக்கிறதும் கணக்கு, உடம்பு எடையில 2 வீதம் தண்ணி குறைஞ்சாலே கவனம் தளம்பும்.

ஏ.எல். பிள்ளையளுக்கு வாங்கிறவைக்கு ஒரு வரி. இந்தப் போத்தலிலயே 18 வயசுக்குக் குறைஞ்ச ஆக்கள் பாவிக்கப்படாது எண்டு போட்டிருக்கு, கடையில அதை ஒருத்தரும் சொல்லுறேல்ல. ஒரு மணிக்குப் படுத்து அஞ்சுக்கு டியூசனுக்கு ஓடுற பிள்ளைக்குக் கப்சூல் என்ன செய்யும் சொல்லுங்கோ.

அப்ப ஆர் வாங்கலாம்? எனக்குத் தெரிய ஒருத்தரும் அவசரமா வாங்கத் தேவையில்ல. அந்தக் காசுக்கு முதல் ரத்தத்தைப் பாருங்கோ, அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில எழுதினா அதுவும் இலவசம், நேரம்தான் போகும். ஃபெரிட்டினும் பி12 உம் சில லாபுகளில அங்கயே செய்யிறேல்ல, கொழும்புக்கு அனுப்பித்தான் ரிப்போர்ட் வரும், எத்தினை நாள் எடுக்கும் எண்டு முதலே கேட்டிட்டுக் குடுங்கோ. மல்ட்டி விற்றமினோ தலைமயிர்க் குளிசையோ எடுக்கிறவை ரத்தம் குடுக்கேக்க அதைச் சொல்லுங்கோ, பயோட்டின் எண்டா குறைஞ்சது ரெண்டு நாளாவது முதல் நிப்பாட்ட வேணும். இன்னொண்டு, மாசக் கணக்கா மெல்ல வாற மந்தம் வேற, திடீரெண்டு கதை குழறி, வாய் கோணி, ஒரு கை சோர்ந்து, ஆளே தடுமாறினா அது வேற, அப்ப கப்சூலும் வேண்டாம் ரிவியூவும் வேண்டாம், 1990 க்கு அடிச்சு அம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ.

மிச்ச அரைப் போத்தலைத் திருப்பி எடுப்பியளோ எண்டு கடையில கேட்டுப் பாத்தன். சீல் உடைச்சா எடுக்கேலாதாம், அது நியாயம்தான், அதுக்கு நான் ஸ்டார் வெட்டேல்ல. சீல் உடைக்காம வச்சிருக்கிறவை பில்லையும் கொண்டு கெதியாப் போய்க் கேட்டுப் பாருங்கோ.